பூசணத்தை மோப்பம் பிடிக்கும் நாய்கள்

முன்னுரை

நாய் நன்றியுள்ள பிராணி என்பது நாம் ஒன்றாம் வகுப்பிலேயே கற்ற பாடம். அது வீட்டைக் காக்கும், மந்தையைக் காக்கும், கண் தெரியாதவருக்கு வழி காட்டும், திருடனையும் வெடிகுண்டையும் மோப்பம் பிடித்துக் காவல் துறைக்கு உதவும். இவையெல்லாம் நாம் அறிந்தவை. ஆனால் வீட்டுச் சுவருக்குள்ளே, யார் கண்ணுக்கும் படாமல் வளரும் பூசணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் நாய்களும் உலகில் உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். பின்லாந்து, சுவீடன், ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் இத்தகைய நாய்கள் வேலை செய்து வருகின்றன.

பின்லாந்து மக்கள் தங்கள் மொழியில் இந்த நாயை 'ஹோமேகோய்ரா' என்று அழைக்கிறார்கள். 'ஹோமே' என்றால் பூசணம். 'கோய்ரா' என்றால் நாய். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஹோமே' என்று அவர்கள் எழுதும் அதே நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் படித்தால் 'இல்லம்' என்று பொருள்! இது தற்செயலாக அமைந்ததுதான். ஆயினும் இக்கட்டுரையின் பொருளும் அதுவே. இல்லத்தில் புகுந்த பூசணத்தை நாய் எவ்வாறு காட்டித் தருகிறது, காட்டிய பின் மனிதன் செய்ய வேண்டிய கடமை என்ன என்பதைக் காண்போம்.

பூசணம் என்பது யாது?

மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்த ரொட்டியில் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாக ஆடை படியும். வெகுநாள் எடுக்காத தோல் செருப்பிலும் பழைய புத்தக அட்டையிலும் சாம்பல் நிறப் பொடி படரும். இவற்றில் பெரும்பாலானவை பூஞ்சை இனத்தைச் சேர்ந்தவை. பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. ஆகையால் செடிகளைப் போலத் தன் உணவைத் தானே தயாரிக்க அதனால் இயலாது. மெல்லிய நூல் போன்ற இழைகளைப் பரப்பி, தான் தங்கியுள்ள பொருளையே கரைத்து உறிஞ்சி வாழ்கிறது.

பூஞ்சை முழுவதும் கெட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டதும் ஒரு பூஞ்சையிலிருந்துதான். காட்டில் உதிரும் இலைகளையும் விழும் மரங்களையும் மக்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குவதும் பூஞ்சைகளே. காட்டில் நன்மை செய்யும் அந்த வேலையை அவை நம் வீட்டுச் சுவரில் செய்யத் தொடங்கும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

பூஞ்சையின் விதைத்தூள்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றைத் தடுக்க யாராலும் முடியாது. மரம், காகிதம், பசை, துணி, தூசி எதுவாயினும் அவற்றுக்கு உணவாகும். முளைப்பதற்குத் தேவையானது ஒன்றே ஒன்று, அது ஈரம். ஈரம் இல்லையேல் பூசணம் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் கொண்டால் இக்கட்டுரையில் பின்னால் வரும் யாவும் எளிதில் விளங்கும்.

குளிர் நாட்டு வீடுகளின் தொல்லை

நம் ஊர் வீட்டில் சுவர் ஓதம் ஏறினால் சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்து விழும். அதை உடனே கண்ணால் காணலாம். பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில் வீட்டின் அமைப்பே வேறு. மரச் சட்டங்களை நிறுத்தி, குளிர் நுழையாதபடி அவற்றின் இடையே கண்ணாடிப் பஞ்சு போன்ற பொருள்களை அடைத்து, உட்புறம் ஜிப்சம் பலகை பொருத்தி, மேலே அழகிய காகிதம் ஒட்டுகிறார்கள். நீண்ட பனிக்காலத்தில் ஜன்னலை அதிக நேரம் திறந்து வைக்கவும் முடியாது.

அத்தகைய சுவருக்குள்ளே ஒரு குழாய் மெதுவாகக் கசிந்தால் என்ன ஆகும்? வெளியே சுவர் பளபளவென்று இருக்கும்; உள்ளே பஞ்சும் மரமும் நனைந்து ஊறிக்கொண்டே இருக்கும். அறையின் வெப்பக் காற்றில் உள்ள நீராவியும் சுவரின் குளிர்ந்த பகுதியில் பட்டு நீராக மாறும். குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இது. பூசணத்திற்கு இதைவிட நல்ல இடம் வேறு வேண்டுமா? வீடுகளில் மட்டுமன்றிப் பள்ளிக் கட்டிடங்களிலும் இத்தொல்லை அந்நாட்டில் உண்டு.

இதனால் வரும் கேடு சிறிதன்று. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் ஈரத்தையும் பூசணத்தையும் பற்றி ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்ற சுவாச நோய்கள் அதிகமாகக் காணப்படுகின்றன என்று அது கூறுகிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகியவற்றுடன் நம் இந்தியாவையும் சேர்த்து, நூற்றுக்கு 10 முதல் 50 வரையிலான கட்டிடங்களில் இத்தகைய ஈரம் உள்ளதாக மதிப்பிட்டிருக்கிறது. ஆகவே இது எங்கோ பனி நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

பழைய ஏற்பாட்டில் ஒரு வீடு

வீட்டுச் சுவரில் தோன்றும் இக்கேட்டினைப் பண்டைய மக்களும் அறிந்திருந்தனர். பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் 14ஆம் அதிகாரத்தில், வீட்டில் தோன்றும் ஒரு நோயைப் பற்றிய சட்டம் இருக்கிறது. அது பூசணமாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறைகள் தோன்றினால் வீட்டுக்காரர் குருவிடம் சென்று சொல்ல வேண்டும். குரு வந்து பார்த்து, ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைப்பார். மீண்டும் வந்து பார்க்கையில் கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, சுவரைச் சுரண்டி, புதிய கல்லும் புதிய சாந்தும் வைக்க வேண்டும். அதன் பின்னும் திரும்ப வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும்.

இதில் அடங்கியுள்ள அறிவைப் பாருங்கள்! அவசரப்படாமல் காத்திருந்து சோதித்தல், மேல்பூச்சோடு நில்லாமல் கெட்ட பகுதியை எடுத்தெறிதல், மீண்டும் வந்து பார்த்தல் ஆகிய மூன்றையும் இன்றைய வல்லுநர்களும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் குரு கண்ணால் காணக்கூடிய கறையையே தேடினார். கண்ணுக்குத் தெரியாத பூசணத்தைத் தேட மூக்கு அல்லவா வேண்டும்?

வாசனை எங்கிருந்து வருகிறது?

அரிசி டின்னைத் திறந்தவுடன், "பூசண வாடை அடிக்கிறதே!" என்று பாட்டி சொல்லிவிடுவார். பாட்டி பூசணத்தைப் பார்க்கவில்லை, முகர்ந்துதான் அறிந்தார். பூஞ்சை வளரும்போது, எளிதில் ஆவியாகும் சில இரசாயனப் பொருள்களை வெளிவிடுகிறது. அவற்றுள் முக்கியமான ஒன்று 'காளான் ஆல்கஹால்' எனப்படுவது. பத்தாம் வகுப்பு வேதியியலில் நாம் ஆல்கஹால்களைப் படிக்கிறோம் அல்லவா? எத்தனாலில் இரண்டு கரி அணுக்கள் உள்ளன. இந்தக் காளான் ஆல்கஹாலில் எட்டு உள்ளன. காளான் கறிக்கு அந்தத் தனி மணத்தைக் கொடுப்பதும் இதுதான்.

ஈரச் சுவரில் பூஞ்சையோடு சில பாக்டீரியாக்களும் வளர்வதுண்டு. அவை வெளிவிடும் பொருளுக்கு 'ஜியோஸ்மின்' என்று பெயர். முதல் மழை பெய்ததும் எழும் மண்வாசனையில் இப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதனை உணர்ந்துவிடும். ஆனால் நமக்கு ஒரு குறை உண்டு. வாடை அடிக்கிறது என்று சொல்வோமே தவிர, எந்தச் சுவரில், எந்த மூலையில் என்று சொல்ல நம்மால் இயலாது. சிறிது நேரம் அதே அறையில் இருந்தால் அந்த வாடையும் பழகிப்போய்விடும். நாயின் உதவி தேவைப்படுவது இங்கேதான்.

நாயின் மூக்கு

வாசனையை உணரும் செல்கள் மனிதனுக்குச் சுமார் 50 இலட்சம் முதல் 60 இலட்சம் வரை உள்ளன என்று கூறுவர். நாய்க்கோ அதன் இனத்திற்கு ஏற்ப 10 கோடிக்கும் மேல் உண்டு. சில இனங்களில் 30 கோடி வரையிலும் உண்டு என்று மதிப்பிடுகிறார்கள்.

எண்ணிக்கை மட்டுமன்று, அமைப்பும் அதிசயமானது. நாம் மூச்சு விடும் காற்றும் முகரும் காற்றும் ஒரே வழியில் செல்கின்றன. நாயின் மூக்கில் அவை இரண்டாகப் பிரிகின்றன. உள்ளே இழுக்கும் காற்றில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, மூக்கின் பின்புறத்தில் முகர்வதற்கென்றே உள்ள ஓர் அறைக்குள் செல்கிறது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினர். வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டில் உள்ள பிளவுகள் வழியே செல்வதால், முன்னால் உள்ள வாசனையை அது கலைத்துவிடுவதில்லை. மேலும் நாய் மோப்பம் பிடிக்கும்போது ஒரு விநாடியில் சுமார் ஐந்து முறை முகர்கிறது. இறைவன் அதற்கு அளித்த கொடை எத்தனை நுட்பமானது!

பயிற்சி

மூக்கு இருந்தால் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும். மரத்துண்டு, ஜிப்சம் பலகை, காகிதம் ஆகியவற்றில் வெவ்வேறு பூஞ்சைகளை வளர்த்து, வாசனை மட்டும் வெளிவரும்படி மூடிய டப்பாக்களில் வைப்பார்கள். நாய் அதை முகர்ந்தவுடன் பந்தோ தின்பண்டமோ பரிசாகக் கிடைக்கும். 'இந்த வாசனை வந்தால் நமக்குப் பரிசு' என்று அது புரிந்துகொள்கிறது. நாய்க்கு இது வேலையன்று, விளையாட்டு.

அடுத்த படிதான் கடினமானது. பூசணம் இல்லாத சுத்தமான மரம், சுத்தமான பலகை ஆகியவற்றையும் வரிசையில் கலந்து வைப்பார்கள். அவற்றை முகர்ந்துவிட்டு நாய் பேசாமல் கடந்து போக வேண்டும். இல்லாவிட்டால் வெறும் மர வாசனைக்கே அது பரிசு கேட்கத் தொடங்கிவிடும். இல்லாததை இல்லை என்று சொல்வதும் ஒரு கல்வியே. கண்டுபிடித்தவுடன் குரைக்காமலும் சுவரைப் பிறாண்டாமலும் அமைதியாக அமர்ந்தோ, மூக்கால் இடத்தைச் சுட்டியோ காட்ட அநேக நாய்களைப் பழக்குகிறார்கள்.

இங்கிலாந்தில் மரத்தைத் தின்று பொடியாக்கும் 'செர்ப்புலா லாக்ரிமான்ஸ்' என்னும் பூஞ்சையைக் கண்டுபிடிக்கவும் நாய்களைப் பழக்கினார்கள். 'லாக்ரிமான்ஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குக் கண்ணீர் விடுவது என்று பொருள். அதன் மேல் நீர்த்துளிகள் அரும்பி நிற்பதால் இப்பெயர் வந்தது. பழைய மாளிகைகளின் உத்திரங்களைப் பெயர்த்துப் பார்க்காமலே இப்பூஞ்சையைத் தேட நாய் உதவியது.

நாய் எவ்வளவு சரியாகச் சொல்லும்?

பின்லாந்தின் குவோப்பியோ நகர விஞ்ஞானிகள் இதைச் சோதித்து 2002ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற நாய்கள், மறைத்து வைத்த பூசண மாதிரிகளில் நூற்றுக்கு 75ஐக் கண்டுபிடித்தன. நம் பரீட்சையில் 75 என்றால் நல்ல மதிப்பெண்தான். ஆனால் நான்கில் ஒன்று தவறிப்போயிற்று என்பதையும் மறக்கலாகாது.

நாயால் ஆகாதவை சில உண்டு. இடத்தைக் காட்டுமே தவிர, எந்த வகைப் பூஞ்சை, எவ்வளவு உள்ளது என்று நாய் சொல்லாது. உயரமான கூரைக்கு அதன் மூக்கு எட்டாது. காற்றோட்டம் வாசனையை இழுத்துச் செல்வதால், உண்மையில் பூசணம் குளியலறைச் சுவரில் இருக்க, அடுத்த அறையின் பிளக் பாயிண்ட் ஓட்டையில் நாய் அதைக் காட்டக்கூடும். பூந்தொட்டி மண்ணிலும் அழுகிய பழத்திலும் பூஞ்சை உண்டு. அவற்றை முன்னதாகவே அப்புறப்படுத்த வேண்டும். தொடர்ந்து முகர்ந்தால் நாய் களைத்துவிடும். இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும்.

தேவாலயத்தில் நடந்த சோதனை

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது நாயிடம் உள்ள குறையன்று, மனிதனிடம் உள்ளது. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில், டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையை வெளியிட்டனர். அது போதைப்பொருளையும் வெடிமருந்தையும் தேடும் நாய்களைப் பற்றியது. ஆயினும் எல்லா மோப்ப நாய்களுக்கும் பொருந்தும்.

ஒரு தேவாலயத்தின் அறைகளில் 18 நாய்களும் அவற்றை நடத்துபவர்களும் தேடினர். சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி, 'அங்கே வாசனைப் பொருள் இருக்கிறது' என்று நடத்துபவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அந்த அறைகளில் போதைப்பொருளோ வெடிமருந்தோ மறைத்து வைக்கப்படவே இல்லை. ஆனாலும் 144 தேடுதல்களில் 21இல் மட்டுமே 'ஒன்றும் இல்லை' என்ற சரியான விடை வந்தது! மொத்தம் 225 முறை 'நாய் கண்டுபிடித்துவிட்டது' என்று சொல்லப்பட்டது. அவற்றுள் சிவப்புக் காகிதம் இருந்த இடங்களே அதிகம்.

நாய்க்குச் சிவப்புக் காகிதத்தின் பொருள் தெரியுமா? தெரியாது. நடத்துபவர் அந்த இடத்தில் சற்று நின்றிருக்கலாம், கயிற்றைச் சற்றே தளர்த்தியிருக்கலாம், ஆவலோடு பார்த்திருக்கலாம். நாய் தன் எஜமானின் முகத்தையும் படிக்கும். அல்லது நடத்துபவரே, இருக்கும் என்ற எண்ணத்தில், நாய் காட்டியதாக நினைத்திருக்கலாம். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. முன்கூட்டியே ஒன்றை நம்பிவிட்டதால் வந்த தவறு அது.

ஆகவே வீட்டில் பூசணம் தேடும்போது, 'இந்தச் சுவரில்தான் சந்தேகம்' என்று நடத்துபவரிடம் முன்னதாகச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் அந்தச் சுவரின் அருகே நிற்கவும் கூடாது. ஒரே இடத்தை இரண்டாவது நாயைக் கொண்டு தனியே சோதிப்பது இன்னும் நல்லது. நாயைக் கொண்டு வருபவரே சுவரை இடித்துக் கட்டும் ஒப்பந்தக்காரராகவும் இருந்தால் எச்சரிக்கை தேவை. நாய்க்குப் பணத்தாசை இல்லை, மனிதனுக்கு உண்டு.

நாய் காட்டிய பிறகு

நாய் காட்டியது ஒரு குறிப்பே; தீர்ப்பு ஆகாது. ஜெர்மனி நாட்டின் சுற்றுச்சூழல் துறை 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும், நாய் காட்டிய இடத்தை வேறு முறைகளாலும் உறுதிசெய்ய வேண்டும் என்றே கருதுகிறது. முதலில் ஈரமானியால் சுவரின் ஈரத்தை அளக்கிறார்கள். பிறகு சிறு துளையிட்டு, நுனியில் விளக்கும் கேமராவும் பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்திப் பார்க்கிறார்கள். ஒரு துண்டு எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பி நுண்ணோக்கியில் காண்கிறார்கள். நாய் வந்ததால் வீடு முழுவதையும் உடைக்க வேண்டிய செலவு மிச்சமாகிறது. ஒரு கை அகலத் துளை போதும்.

பூசணம் உறுதியானால், அதைத் துடைப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டு அதை நிறுத்த வேண்டும். நீரை நிறுத்தாமல் துடைத்தால் மறுபடியும் வரும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை கூறுகிறது. இது நம் வீடுகளுக்கும் பொருந்தும் பாடம். கசியும் குழாயை அன்றே அடைத்தல், குளியலறை ஜன்னலைத் திறந்து வைத்தல், பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி வைத்தல், ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதிருத்தல் ஆகியவை செலவில்லாத வைத்தியங்கள்.

முடிவுரை

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இறந்தான். அவன் வசித்த வாடகை வீட்டில் நெடுநாள் பூசணம் படிந்திருந்ததே அவனது சுவாச நோய்க்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார். அந்த வீட்டில் பூசணம் சுவருக்குள் ஒளிந்திருக்கவில்லை. எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி சுவரிலேயே இருந்தது. தந்தை 2017 முதலே முறையிட்டு வந்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் இப்போது அங்கே ஒரு சட்டம் உண்டு. இங்கிலாந்தில் அரசு உதவியுடன் வாடகைக்கு விடப்படும் வீடுகளில், ஆபத்தான ஈரமும் பூசணமும் பற்றிய புகாரைக் குறித்த நாள்களுக்குள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும் என்னும் அச்சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

தோழியரே, நாயின் மூக்கு எத்தனை கூர்மையாக இருந்தாலும், அது காட்டியதை மனிதன் ஏற்றுச் செயல்பட்டால்தான் பயன். நாய் தான் அறிந்ததைப் பரிசுக்காகக் கூட்டியோ, பயந்து குறைத்தோ சொல்லாதபடி பழக்குவது நம் கடமை. அது காட்டியதைப் பொறுமையோடு சோதிப்பது நம் கடமை. சோதித்து அறிந்த பின் பெயிண்ட் பூசி மறைக்காமல், கெட்டதை எடுத்தெறிவதும் நம் கடமையே. ஒரு வீட்டில் குழந்தை விடாமல் இருமுகிறது என்று அதன் தாய் சொன்னால், அந்தச் சொல்லையும் நாய் காட்டும் குறிப்பைப் போலவே மதித்து, எழுந்து சென்று அந்தச் சுவரைப் பார்ப்போமாக.